ஹைப்ரிட் எஸ்யூவியில் மைலேஜ் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் இன்ஜினோடு எலக்ட்ரிக் மோட்டாரும் சேர்ந்ததுதான் ஹைப்ரிட், அதில் மோட்டார் தனியாகவும் வண்டியை ஓட்ட முடிந்தால் ஸ்ட்ராங் ஹைப்ரிட். மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனிக் கணக்கு. அதே வண்டியின் மைல்ட் ஹைப்ரிட் மேனுவலுக்கு 21.11. இரண்டிலும் பெட்ரோல்தான் ஊற்றுகிறோம், சார்ஜரில் மாட்டுகிற வேலையே கிடையாது. அப்படியென்றால் அந்த ஆறேழு கி.மீ. எங்கிருந்து வருகிறது?

முதலில் பிரேக். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 0.06 யூனிட் (கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) ஆற்றல் இருக்கிறது. சாதாரண காரில் சிக்னலைப் பார்த்து பிரேக்கை மிதித்தால் அது பிரேக் பேடில் சூடாகிப் போய்விடும். ஹைப்ரிடில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கை பேட்டரிக்கு அனுப்பி, பச்சை விழுந்ததும் அதை வைத்தே வண்டியை நகர்த்துகிறது. அப்போது இன்ஜின் அணைந்தே இருக்கும்.

பிரேக்கை விட இன்ஜினில்தான் சங்கதி அதிகம் என்பேன். பெட்ரோல் இன்ஜின் மிக மோசமாக எரிபொருளை வீணடிப்பது ஊர்ந்து போகும்போதுதான், அந்த நேரத்தை மோட்டார் வாங்கிக்கொள்வதால் இன்ஜினை அட்கின்சன் முறையில் அமைக்க முடிகிறது. இதில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும் வால்வு தாமதமாக மூடும், உறிஞ்சிய கலவையில் கொஞ்சம் திரும்ப வெளியே போய்விடும், ஆனால் எரிந்த பிறகு வாயு முழு நீளத்துக்கும் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். சிக்கனம் கூடும், இழுவை குறையும். தனியாக விட்டால் சோம்பேறி இன்ஜின்தான், அந்தக் குறையையும் மோட்டாரே ஈடுகட்டுகிறது. மைல்ட் ஹைப்ரிடில் இருக்கும் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை ஓட்டாது.

சரி, பேட்டரி எவ்வளவு பெரியது? வெறும் 0.76 யூனிட், கல்லாப்பெட்டியில் கிடக்கும் சில்லறை மாதிரி. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு 1,700 மீட்டருக்கு மேல் இறக்கம், அதே 1,500 கிலோ வண்டிக்கு ஏறத்தாழ 7 யூனிட் கணக்கு. டயரும் காற்றும் தின்றதுபோக மிஞ்சுவதில் ஹைப்ரிட் பேட்டரி முதல் சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும், மற்றதெல்லாம் வீண்தான். 45 யூனிட் பேட்டரி உள்ள டாடாவின் எலக்ட்ரிக் கார் நெக்ஸான் இவி இதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், மேலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காமல் இருந்தால்.

இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல். அந்தக் கணக்கில் நெக்ஸானின் 45 யூனிட் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், அதில் அது 350 கி.மீ. அளவுக்கு ஓடுகிறது! மோட்டாரில் வீணாவது அவ்வளவு குறைவு. ராத்திரி நிறுத்துகிற இடத்தில் சொந்தமாக பிளக் பாயின்ட் இருந்து, ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் நான் மறுபேச்சில்லாமல் எலக்ட்ரிக் பக்கம். பிளக் இல்லை, நெரிசலில்தான் ஓட்டம் என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிட்.

வாரத்துக்கு நான்கு நாள் நான்குவழிச் சாலையில் பறக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே பிரேக்கிலிருந்து மீட்க ஒன்றும் இல்லை, 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும், எஸ்யூவி உயரத்துக்கு அது இன்னும் உறைக்கும். ஹைப்ரிடுக்காகக் கொடுத்த கூடுதல் லட்சங்கள் திரும்பி வர வருஷக்கணக்காகும். புக் பண்ணும் முன் டிக்கியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பேட்டரி அங்கேதான் இடம் பிடித்திருக்கிறது.