ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும்போது

கூடலூர்ப் பக்கம் ஜூன் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மைதானம் சேறாகிவிட, பிள்ளைகள் கேரம் போர்டையும் செஸ் போர்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ராணியும் யானையும் வெட்டுப்பட்டு, இரண்டு ராஜாக்களும் ஓரிரு சிப்பாய்களும் மிஞ்சியதும் அவர்கள் கை வேகம் பிடிக்கும். "இனிமே என்ன இருக்கு?" என்ற நினைப்பு. நிதானம் வேண்டிய இடமே அதுதான். காய்கள் நிறைய இருக்கையில் செய்த தவறைப் பிறகு சரிக்கட்டலாம். இங்கே ஒரு நிலை வெற்றி, டிரா, தோல்வி மூன்றில் ஒன்று, அவ்வளவே. 7 காய்கள் வரை மிஞ்சும் நிலைகளை செக்மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கணினியில் அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். எந்த நகர்வில் வெற்றி நழுவியது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

போர்டில் அடுக்கிப் பாருங்கள். கட்டங்களின் பெயர் எளிது: வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராஜா டி3, வெள்ளைச் சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6. வெள்ளையின் முறை. பலரும் சிப்பாயை இ4-க்குத் தள்ளுவார்கள். ஆட்டம் டிரா.

இ2-இல் நிற்கும் சிப்பாய்க்கு டி4, இ4, எஃப்4 மூன்றும் சாவிக் கட்டங்கள். வெள்ளை ராஜா இவற்றில் ஒன்றில் ஏறிவிட்டால், முறை யாருடையதானாலும் வெற்றிதான்; சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். சிப்பாய் இ4-க்குப் போனதும் சாவிக் கட்டங்களும் டி6, இ6, எஃப்6 என்று மேலே ஏறிவிடுகின்றன. கறுப்பு ராஜா இ5-க்கு வந்து வாசலிலேயே மறித்துவிடும். ஆகவே ராஜாவைத்தான் இ4-க்கு நகர்த்த வேண்டும். இப்போது இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. இதுதான் ஆப்போசிஷன். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டால், யாராவது ஒருவர் ஒதுங்கி வழி விட்டாக வேண்டும். ஓட்டுநராவது சற்று நின்று யோசிக்கலாம். செஸ்ஸில் முறை வந்தால் நகர்ந்தே தீர வேண்டும். கறுப்பு விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெள்ளை முன்னேறும்.

நகர வேண்டிய கட்டாயமே கழுத்தை நெரிக்கும் நிலைக்கு சுக்ஸ்வாங் என்று பெயர். வெள்ளைச் சிப்பாய் டி4, கறுப்புச் சிப்பாய் டி5; வெள்ளை ராஜா எஃப்6, கறுப்பு ராஜா பி4. வெள்ளையின் முறை. டி5 சிப்பாயைத் தாக்க இ5-க்கும் போகலாம், இ6-க்கும் போகலாம். இ5-க்குப் போனால் கறுப்பு சி4-க்கு வரும். இனி வெள்ளை எங்கே நகர்ந்தாலும் டி4 சிப்பாய் பறிபோய்த் தோல்வி. இ6-க்குப் போனால், கறுப்பு சி4-க்கு வந்த பிறகு வெள்ளை இ5-க்கு இறங்கும். அதே நிலைதான், ஆனால் முறை கறுப்பினுடையது. ஒரே ஒரு கட்ட வித்தியாசம் தோல்வியை வெற்றியாக்குகிறது. சிப்பாயை நெருங்கும்போது அவசரப்படாமல் கடைசிக் கட்டத்துக்கு யார் பிந்தி வருகிறார் என்று எண்ண வேண்டும்.

தூரத்தையும் எண்ணித்தான் பார்க்க வேண்டும், கண்ணை நம்பக் கூடாது. மலையில் இது பழக்கப்பட்ட விஷயம்: எதிர்ச்சரிவு எஸ்டேட் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நடந்தால் பாதி நாள் போய்விடும். போர்டில் நேர்மாறாக நடக்கும். காகிதத்தில் ஒரு கட்டத்தின் மூலைக்கோடு பக்கத்தைவிட 1.41 மடங்கு நீளம்; ராஜாவுக்கோ இரண்டும் ஒரே நகர்வு. செஸ் வீரர் ரிச்சர்ட் ரேட்டி 1921-இல் அமைத்த புதிர் இதற்கு அழகான சான்று. வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6; கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். ஓடும் சிப்பாயைத் துரத்தினால் எட்டாது. தன் சிப்பாயும் தனியே பிழைக்காது. ஆனாலும் ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாக்கில் இறங்கினால் ஒவ்வொரு அடியும் இரண்டு வேலை செய்யும். எதிரிச் சிப்பாயை நெருங்கும், சொந்தச் சிப்பாய்க்கும் துணையாகும். கறுப்பால் இரண்டையும் சமாளிக்க முடியாது.

கடைசி யானையை மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஹெச்4-இல் தனியாக ஓடும் சிப்பாய்க்கு ஹெச்4, ஹெச்8, டி8, டி4 மூலைகளாக ஒரு சதுரம் வரையுங்கள். தன் முறையில் அதற்குள் கால் வைக்கும் எதிரி ராஜா அதைப் பிடித்துவிடும். சிப்பாய் இரண்டாம் வரிசையிலேயே இருந்தால், முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டுமென்பதால், மூன்றாம் வரிசையிலிருந்து சதுரம் போட வேண்டும். இதை மறந்து தோற்றவர்கள் ஏராளம். மிஞ்சுவது ஓரச் சிப்பாய் என்றால் இன்னும் கவனம்: எதிரி ராஜா அந்த மூலையைப் பிடித்துவிட்டால் அதை வெளியேற்ற வழியில்லை.

தற்காக்கும் பக்கத்திலும், டிராவில் கிடைக்க வேண்டிய அரைப் புள்ளிகள் வீணாகின்றன. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7, கறுப்பின் முறை. பின்வாங்கினால் நேராக இ8-க்கு மட்டுமே. டி8-க்கு ஒதுங்கினால் வெள்ளை டி6, கறுப்பு இ8, சிப்பாய் இ7 என்று செக் இல்லாமல் ஏறிவிடும். கறுப்பு எஃப்7-க்கு விலக, வெள்ளை ராஜா டி7-க்கு வந்து ராணியை வாங்கிவிடும். இ8-இல் நின்றால் வெள்ளை டி6, கறுப்பு டி8. இப்போது சிப்பாய் செக் கொடுத்துத்தான் இ7-க்கு வர முடியும். கறுப்பு இ8-க்குத் திரும்பும். சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் கறுப்புக்கு நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. வேறெங்கு போனாலும் சிப்பாய் போய்விடும்.