தக்காளி விதைக்கும் முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்

மாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி தக்காளியைப் பற்றித்தான். யூடியூபில் யாரோ வசந்த காலத்தில் தக்காளி நடச் சொல்லியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு நம் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலோ தேவிபட்டினத்திலோ மாடியில் பத்துப் பை வைத்துவிடுவார்கள். சொன்னவர் மேல் தப்பில்லை. உறைபனி விழும் ஊரில் அது விலகின பிறகுதான் நாற்று பிழைக்கும், அதனால் அவர்களுக்கு மார்ச், ஏப்ரல். நமக்கு ஏது உறைபனி? இங்கே தக்காளிக்கு எதிரி வெயிலும் உப்பும். இரண்டும் சேர்ந்து ஏறுகிற மாதம் பங்குனி.

தோட்டக்கலைத் துறையில் இந்தக் கடற்கரை வட்டாரத்தில்தான் என் வேலை. போன வருஷம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா மஞ்சப்பையில் ஏழெட்டுக் காய்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். எல்லாம் நல்ல பருமனான காய்கள். காம்புப் பக்கம் பச்சை மாறாமல் இருக்கிறது, திருப்பினால் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல்போலக் கறுத்துக் குழிந்திருக்கிறது.

"ரெண்டு மருந்து அடிச்சாச்சு சார். முட்டை ஓடு போடச் சொன்னாங்க, அதையும் போட்டாச்சு. கேக்க மாட்டேங்குது."

மறுநாள் வீட்டுக்கே போனேன். பை மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் சிப்பித் துண்டுகள். ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி மண்ணில் பிழிந்தேன், சோடா மாதிரி நுரைத்தது. அவ்வளவு சுண்ணாம்பு. அந்த மண்ணில் முட்டை ஓடு போடுவது கடலில் உப்புக் கரைப்பது மாதிரி.

காயின் அடி கறுப்பது பூஞ்சணமும் இல்லை, பூச்சியும் இல்லை. காய்க்குள் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம் அது. மண்ணில் எவ்வளவு இருந்தாலும் வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் அது மேலே ஏற முடியும். தண்ணீரில் உப்பு மிகுந்தால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. உறிஞ்சின கொஞ்சத்தையும் இலை இழுத்துக்கொள்ளும், காயின் அடிக்கு மிச்சமிருக்காது. ஒருநாள் குடம் குடமாக ஊற்றி இரண்டு நாள் மறந்துபோனாலும் இதே கதைதான். மருந்து அடித்துப் பயனே இல்லை.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

அக்கா பெருமையாக ஒரு வாளியைக் காட்டினார். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் பிடித்து வைத்திருந்தார். நாக்கில் வைத்தேன், கரித்தது. மீட்டரை விட்டுப் பார்த்தால் தொட்டித் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,400; வாளித் தண்ணீர் 2,300. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பையெல்லாம் செடிக்கு ஊற்றியிருக்கிறார். பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது அதுதான். அதைச் சுண்ணாம்பு அடித்தது என்று நினைத்தாராம்!

தக்காளிக்கு டிடிஎஸ் 1,000 வரை பயமில்லை. அதற்கு மேல் ஏற ஏற காய்ப்பு குறையும். மீட்டர் இல்லாவிட்டால், வாயில் வைத்துக் கரிக்கிற தண்ணீர் தக்காளிக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் (அதில் உப்பே கிடையாது) எது கிடைத்தாலும் சவர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். பத்து நாளைக்கு ஒருமுறை இருப்பதில் நல்ல தண்ணீராகப் பார்த்து, பையின் அடியில் வழியும்வரை ஊற்றிவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். அடியில் ஓட்டை இல்லாத வாளியில் செடி வைத்திருப்பவர்கள் முதலில் ஓட்டை போடுங்கள். தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு, இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். கரையில் ஒதுங்கும் பாசி நல்ல உரம், ஆனால் அலசாமல் போடாதீர்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

சரி, எப்போது நடுவது? இதற்கு யூடியூப் தேவையில்லை, நம் முண்டு மிளகாயைப் பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய் அது. மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் பழம் எடுக்கத் தொடங்குகிறோம். தக்காளியும் அதே குடும்பம்தான். மிளகாயை விட வெயிலுக்கு இன்னும் சுணங்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாகவே இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். தப்பிப் பிடித்த காயும் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும். அதனால் கார்த்திகையில் மழை அடிக்காத இடத்தில் பிகேஎம் 1 ரகத் தக்காளி விதையைப் போட்டு, 25 நாள் நாற்றாக மார்கழியில் மாற்றி நடுங்கள். மாசியில் பறிக்கலாம். பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்கள் வாடைக் காற்றுக்கு ஒரு பனை ஓலைத் தட்டி கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும்.

இலை சுருண்டு செடி குட்டையாகிப்போனால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். பிடுங்கி எரித்துவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் நோயில்லை, இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

பங்குனியில் ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் மதிய வெயிலுக்கு நிழல்வலை போட்டு, தூரில் தென்னஞ்சருகைப் பரப்பி, காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். கொஞ்சம் பிடிக்கும். இனிமேல்தான் நடப்போகிறீர்கள் என்றால் தக்காளியை விட்டுவிட்டுக் கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை போடுங்கள்.

அக்கா வீட்டு ஆர்ஓ குழாய் இப்போது குளியலறை வாளிக்குப் போகிறது. பை மண்ணைச் சித்திரை வெயிலில் தளத்தில் கொட்டிக் காயவிட்டு, ஐப்பசி மழையில் நன்றாக நனைய வைத்து உப்பைக் கழுவினோம். அதே மண்ணில்தான் மார்கழியில் மறுபடி நட்டார்.