கொலுசுப் பட்டறைக்குள் கேமரா நுழையும் முன்

"சேலத்து மக்களோட அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். யாருடைய வாழ்க்கை? எந்தத் தெரு? எந்த மாதம்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஆசை இருக்கிறது, திட்டம் இல்லை. ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாலும் நல்ல படங்கள் கிடைக்கும். லீ பஜாரில் மூட்டை தூக்குபவர், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அக்கா, ஏற்காட்டுப் பனியில் விறகு சுமந்து நடக்கும் பாட்டி என்று நூறு படம்கூடச் சேரும். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவரைப் பற்றியாவது நமக்கு ஏதாவது தெரிந்திருக்குமா?

ஆவணப் புகைப்படம் எடுப்பதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த வகை வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கேமராவை எடுப்பதற்கு முன்பே. நம் விடுமுறை, நம் போட்டியின் கடைசித் தேதி, நம் லென்ஸுக்குப் பிடித்த வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்துத் திட்டம் போடுகிறோம். யாரைப் படமெடுக்கப் போகிறோமோ அவர்களுடைய நேரத்தைக் கேட்பதே இல்லை.

ஊர் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு வேலையைப் பிடியுங்கள். சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம் பக்கமும் வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்டையில் தறி, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி, மலையில் காப்பி. கொலுசையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஓரிடம், சங்கிலி கோப்பது ஓரிடம், பொடி வைத்துப் பற்றவைப்பது ஓரிடம், மணி வைப்பதும் மெருகு போடுவதும் வேறு வேறு இடம். ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போவதற்குள் பல வீட்டு வாசல்களைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் அந்தக் கொலுசின் பின்னால் போகப் போகிறீர்களா, அல்லது ஒரே வீட்டில் உட்காரப் போகிறீர்களா? கொலுசின் பின்னால் போனால் தொழில் புரியும். வீட்டில் உட்கார்ந்தால் வாழ்க்கை புரியும். அன்றாட வாழ்க்கைதான் உங்கள் பொருள் என்றால் வீட்டையே தேர்ந்தெடுங்கள் என்பேன். ஆனால் எதுவாக இருந்தாலும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

முடிவு செய்தபின் கேள்விகளை எழுதுங்கள். எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலாக அது இருக்க வேண்டியதில்லை. 1930-களில் அமெரிக்க அரசுக்காக நாட்டுப்புற மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த குழுவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தன் புகைப்படக்காரர்களுக்கு எழுத்திலேயே குறிப்புகள் அனுப்பிவைப்பார். மாலை வேளையில் வீட்டுக்குள் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பது போன்ற எளிய கேள்விகள்கூட அதில் இருக்கும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் உதவும். பற்றவைக்கும் வேலை நடக்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? கூலி எந்தக் கிழமை கைக்கு வரும்? வெள்ளி விலை ஏறினால் வீட்டுக்கு வரும் வேலை குறைகிறதா? வேலை இல்லாத நாளில் அந்தக் கைகள் என்ன செய்யும்? இதற்கெல்லாம் பதில் தேடிப் போனால் படம் தானாக வந்து நிற்கும்.

அடுத்தது நாள்காட்டி. ஏற்காட்டுக்கு மே மாதம் மட்டும் போகிறவருக்குக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் கூட்டமும்தான் கிடைக்கும். காப்பித் தோட்டத்தின் வேலை அப்போது தெரியாது. பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். காப்பிப் பூவைப் பார்க்க வேண்டுமானால் கோடை மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்தத் தேதியை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலே ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தால் அவரே போன் செய்து சொல்வார்.

ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் நிறைய பேர் ஆலைகளுக்குக் கேமராவோடு போகிறார்கள். ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வரத்து இருக்கும் மாதங்களில் போனால்தான் அங்கே வேலை நடக்கும். களத்தில் காயவைப்பதைப் பார்க்க வெயிலும் வேண்டும். தறி வீடுகளில் பாவு, அதாவது துணியின் நீளவாக்கு நூல், நீட்டுவது அதைவிட அரிது. தறியில் இருக்கும் பாவு ஓடி முடிந்தால்தான் புதுப் பாவுக்கு வேலை. அதுவும் விடியற்காலையில் தெருவில் நீட்டி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள், மழை தூறினால் அன்றைக்கு இல்லை. இதையெல்லாம் ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு வேலையை ஒழுங்காகப் பதிவு செய்யக் குறைந்தது ஒரு வருடம் வேண்டும் என்பது அப்போது தெரியும். ஒரு வருடம் ஒதுக்க முடியாதவர்கள் பொருளைச் சுருக்கலாம். காப்பியில் பறிப்பு மட்டும், தறியில் பாவு மட்டும் என்று எடுத்தாலும் அது முழுமையான வேலைதான்.

நாளின் நேரமும் முக்கியம். கொலுசு, தறி, காப்பிப் பறிப்பு எல்லாமே பெரும்பாலும் எடைக்கோ உருப்படிக்கோ கூலி வாங்கும் வேலைகள். "கொஞ்சம் இப்படித் திரும்புங்கக்கா" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் கூலியில் குறைகிறது. அதனால் வேலை நேரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள், திரும்பச் சொல்லாதீர்கள். பேச்சு, பேட்டி எல்லாம் வேலை முடிந்த பிறகுதான். போஸ் கொடுக்கக் காசு கொடுப்பதை நான் ஏற்பதில்லை. ஆனால் ஒருவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் அதற்குரிய கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அனுமதி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எஸ்டேட் மேனேஜர் "எடுத்துக்கோங்க" என்றதும் உள்ளே போய்ப் படமெடுக்கிறோம். அவர் கொடுத்தது தோட்டத்துக்குள் நுழைய அனுமதி. பறிக்கும் பெண் எதற்கும் சம்மதிக்கவில்லை. மேஸ்திரி பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் மறுப்பு சொல்லவும் முடியாது. தலையைக் குனிந்துகொள்வார், முந்தானையை இழுத்துவிடுவார், அவ்வளவுதான் அவரால் முடியும். அதை வெட்கம் என்று நினைத்துப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மறுப்பு. மாலையில் அவர் வீட்டுப் பக்கம் போய், மேலாள் யாரும் இல்லாத இடத்தில் திரும்பக் கேளுங்கள். கொலுசு வேலை நடக்கும் வீடுகளிலும் இதே கதைதான். வீட்டுப் பெரியவரிடம் முதலில் பேசுவது மரியாதை, பேசத்தான் வேண்டும். ஆனால் ஊதுகுழலைப் பிடித்திருப்பது அவருடைய மருமகள் என்றால் அந்தப் பெண்ணையும் தனியாகக் கேட்க வேண்டும். கூட ஒரு பெண் தோழி வந்தால் இந்தப் பேச்சு எளிதாக நடக்கும்.

கையெழுத்துப் படிவத்தை நீட்டினால் பலர் பயந்துவிடுகிறார்கள். கடன் பத்திரமோ, நிலப் பத்திரமோ என்ற சந்தேகம். அதற்கு நியாயமும் இருக்கிறது, கையெழுத்தால் அடிபட்ட குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். எனவே நான் பேச்சிலேயே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவு செய்கிறேன். என்ன கேட்கிறேன் என்பதுதான் முக்கியம். கண்காட்சியில் வைக்கலாமா, பத்திரிகையில் வரலாமா, இன்டர்நெட்டில் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கண்காட்சிக்குச் சரி என்பவர் இன்டர்நெட்டுக்கு வேண்டாம் என்பார். பெயர் போடலாமா, ஊர்ப் பெயர் மட்டும் போதுமா என்பதும் தனிக் கேள்வி. அப்புறம், படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து இன்னொரு முறை கேளுங்கள். தன் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லும் சம்மதம்தான் நிற்கும். "இது வேண்டாம் தம்பி" என்றால் அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வேண்டாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களில் இது இன்னும் அவசியம். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எழுதிவிடுகிற அளவுக்குத்தான் சிலருக்கு அவர்களைத் தெரிந்திருக்கிறது. தமிழ் பேசும் மலை மக்கள் அவர்கள். சுற்றுலா வருகிறவர்கள் கேட்காமலே படமெடுத்துக்கொண்டு போவதால் கேமராவைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. முதல் சில தடவை கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வாருங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துவிட்டு, எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு படமே சாட்சி. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர் முகாமில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே படமெடுத்தார். பெயரைக் கேட்கவில்லை என்று 1960-இல் அவரே எழுதினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். அப்படி நடக்கவே இல்லை என்று அந்தக் குடும்பம் மறுத்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தத் தாயின் பெயர் வெளியே தெரிந்தது 1978-இல். அவர் செரோக்கி பூர்வகுடி மரபில் வந்தவர் என்பதும் அதன்பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. லாங்கே மனிதர்கள்மேல் அக்கறை உள்ள கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் படத்தால் முகாமுக்கு உணவு உதவியும் வந்தது. ஆனால் படத்தில் இருந்த பெண், 42 ஆண்டுகள் தன் முகத்தைத் தன் பெயரில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரையும் விவரத்தையும் சரிபார்த்து எழுதுவது படமெடுப்பதில் பாதி வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

சம்மதம் கிடைத்த பிறகும், வெளியே போனால் கெடுதல் செய்யக்கூடிய படங்கள் உண்டு. கொலுசு வேலை நடக்கும் வீட்டில் வெள்ளி இருக்கும். வாசல், கதவு எண், தெருப் பலகை, வெள்ளி வைக்கும் பெட்டி எல்லாம் ஒரே படத்தொகுப்பில் தெரிந்தால் திருடனுக்கு நாமே வழிகாட்டுகிறோம். கேமராவிலும் போனிலும் இடக்குறிப்பை (படத்தோடு இடத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ்) அணைத்துவிடுங்கள், படத்தைப் பதிவேற்றும் முன் அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்கு வராத புது டிசைனைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டால் அடுத்த பட்டறை அதைப் பார்த்துச் செய்துவிடும். ஆலையில் கையுறை இல்லாமல் வேலை செய்பவரின் முகம் தெரியும் படத்தால் கேள்வி முதலாளிக்குப் போகாமல் அந்தத் தொழிலாளியின் வேலைக்கே ஆபத்தாக முடியலாம். குறையைக் காட்ட வேண்டுமானால் முகம் தெரியாமல் கையை மட்டும் காட்டலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. பள்ளி விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மணி கோக்கும் பிள்ளையை "குழந்தைத் தொழிலாளி" என்று எழுதிப் போடுவது அநியாயம். அதே சமயம், எங்கோ ஒரு பட்டறையில் கூலிக்கு வைக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் விருதுக்கான படம் கிடைத்தது என்று நினைக்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பிள்ளையின் முகம் எங்கேயும் வெளிவரக் கூடாது.

கருவி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேமரா, 35 எம்எம் போல ஒரு லென்ஸ் போதும். டியூப்லைட் எரியும் பட்டறையில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்துப் பாருங்கள். ஜவ்வரிசிக் களத்தில் வெள்ளை வெளேரென்று இருப்பதால் கேமரா ஏமாந்து சாம்பல் நிறமாக்கும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக் குளிரிலிருந்து கீழே இறங்கினால் லென்ஸில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

தினமும் இரவு அன்றைய படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, தேதி, தெரு, செய்யும் வேலை, அவர்கள் சொன்னபடியே பெயர் என எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். அடுத்த வாரம் எழுதலாம் என்றால் பாதி மறந்து, மீதியைக் கற்பனையால் நிரப்பிவிடுவோம். வேலை செய்பவர்கள் சொல்லும் சொற்களையும் அப்படியே எழுதி வையுங்கள். அந்தத் தொழில் நின்றுபோனால் சொல்லும் போய்விடும்.

வேலைப் படங்களோடு, அவர்கள் விரும்பும் படத்தையும் எடுத்துக் கொடுங்கள். நல்ல புடவை கட்டி, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, நேராகக் கேமராவைப் பார்க்கும் படம். நம் கண்காட்சியில் அதற்கு இடம் இருக்காது. அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போவது அதைத்தான்.

கடைசியாக, படங்களைத் தேர்ந்தெடுத்ததும் சென்னைக்கு அனுப்புவதற்கு முன் அந்தத் தெருவில் காட்டுங்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, சங்கக் கட்டடம், எது கிடைத்தாலும் சரி. கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டு, பக்கத்தில் பேனாவும் காகிதமும் வையுங்கள். "இது பற்றவைக்கிறது இல்ல கண்ணு, வேற வேலை" என்று யாராவது திருத்துவார்கள். தப்பாக எழுதிய பெயரைச் சொல்வார்கள். ஒரு படத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு குறிப்புகளைத் திருத்தி, வேண்டாம் என்றதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். உங்கள் திட்டத்தின் கால அட்டவணையில் இதற்கென்று ஒரு மாதத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்தால்தான் இது நடக்கும்.