ஏற்காடு மலை ஒரு பேட்டரியை அளந்த கதை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கத் தொடங்கி இரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்திருப்போம். "தம்பி, இறங்குறப்ப சார்ஜ் ஏறும்னு சொன்னாங்க. முள்ளு அசையவே மாட்டேங்குதே, பேட்டரி போச்சா?" என்று கேட்டார் அண்ணன். ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். பத்து வருஷ ஆசைக்குப் பிறகு, பழைய காராக விற்பனைக்கு வந்த ஒரு பி.எம்.டபிள்யூ ஐ8 காரை, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் காரை, ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். கல்லூரியில் மின்பொறியியல் நடத்துகிறவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பேட்டரி போகவில்லை. இறக்கத்தில் காரின் மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பேட்டரியை நிரப்பும். ஆனால் அன்று நிரப்ப இடமே இல்லை. ஏற்காட்டில் இருந்த காரின் உரிமையாளர், வருகிறவர்கள் நன்றாக ஓட்டிப் பார்க்கட்டும் என்று இரவெல்லாம் சார்ஜ் போட்டு முழுசாக நிரப்பி வைத்திருந்தார். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? லித்தியம் பேட்டரி விஷயத்தில் வெறுமனே வழிந்து போவதோடு முடியாது. நிரம்பிய பிறகும் மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் அணுக்கள் உள்ளே நுழைய இடமில்லாமல் அவற்றை வாங்கிவைக்கும் கிராஃபைட் என்ற கரிப்பொருளின் மேலேயே உலோகமாகப் படியும். அது ஆபத்து. அதனால் காரின் கணினி வாசலைச் சாத்திவிடுகிறது. வேகத்தைக் குறைக்கும் வேலை முழுக்கச் சாதாரண பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் போய்ச் சேர்கிறது. "ஏறின கியரிலேயே இறங்கு" என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வார்களே, அந்த நேரத்தில் இந்தக் காருக்கும் அதே விதிதான்.

சரி, பேட்டரியில் இடம் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும்? இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். காரின் எடை 1,485 கிலோ. நாங்கள் இருவரும் பெட்ரோலும் சேர்த்து 1,700 கிலோ. எடையை உயரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கி, கரண்ட் பில்லில் வரும் யூனிட்டுக்கு மாற்றினால் சுமார் 4.6 யூனிட். அந்தக் காரின் பேட்டரி மொத்தம் 7.1 யூனிட். ஆயுளைக் காப்பாற்றுவதற்காக மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஓட்டத்துக்குக் கொடுப்பது 5.2 யூனிட். ஏற்காட்டின் உயரமும் அந்தப் பேட்டரியின் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒரே அளவு! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் 4.6 யூனிட்டும் திரும்பக் கிடைக்காது. இருபது கிலோமீட்டர் உருண்டு வருவதில் டயர் மட்டும் ஏறக்குறைய ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். மோட்டார், அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றும் தங்கள் பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்ளும். கூர்மையான வளைவுகளில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் அதுவும் போச்சு. என் கணக்கில் இரண்டரை யூனிட் சேர்ந்தால் நல்ல இறக்கம். ஏறும்போது இதற்கு நேர்மாறு: இழப்புகளையும் சேர்த்தால் 6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரியால் மட்டும் முடியாது, பாதியில் இன்ஜின் கைகொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் கைகொடுத்தல் நடக்கும் விதம் அழகு. பின்னால் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 231 குதிரைத்திறன், பின்சக்கரங்களுக்கு. முன்னால் 131 குதிரைத்திறன் மின்மோட்டார், முன்சக்கரங்களுக்கு. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு எதுவும் கிடையாது. நடுவில் இருப்பது நாம் ஓட்டும் தார்ச்சாலைதான். இந்த இரண்டையும் ஒரே மனிதன் ஓட்டுவதுபோல் கணினி சேர்த்து இயக்குகிறது. நின்ற இடத்திலிருந்து 4.4 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம்.

இனி, பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பேட்டரி தேய்ந்திருந்தால் இறக்கத்தில் சார்ஜ் குறைவாக ஏறும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை தலைகீழ். மலை கொடுப்பது அதே இரண்டரை யூனிட். அது 5.2 யூனிட் பாத்திரத்தில் விழுந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பும். பாத்திரம் 4 யூனிட்டாகச் சுருங்கியிருந்தால் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பும். திரையில் சார்ஜ் மளமளவென்று ஏறினால் மகிழாதீர்கள், யோசியுங்கள்! ஓட்டும் விதத்தைப் பொறுத்து இது மாறும் என்பதால் மலையை மட்டும் நம்பவும் கூடாது. வீட்டில் அளப்பது இன்னும் நம்பகம். பேட்டரியை ஓட்டித் தீர்த்துவிட்டு, சாக்கெட்டில் ஒரு யூனிட் மீட்டரை மாட்டி, அதன் வழியாக முழு சார்ஜ் போட வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்து, புதிய பேட்டரி 6 யூனிட் அளவுக்கு இழுக்கும். (2018இல் மேம்படுத்திய பிறகு வந்த ஐ8களில் பேட்டரி 11.6 யூனிட், அவற்றுக்குக் கணக்கு வேறு.)

பேட்டரி ஏன் சுருங்குகிறது? காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, உள்ளே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க, ஓட்டத்துக்குப் பயன்பட வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், நிரம்பிய சார்ஜோடு மாதக்கணக்கில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது ஏ.சி.யின் குளிர்வாயுவே பேட்டரியையும் குளிர வைக்கும். நிறுத்திப் பூட்டிய பிறகு அந்த உதவி இல்லை. அதனால் "ஏழு வருஷத்துல 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று விற்பவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, "எங்கே நிறுத்தியிருந்தீங்க?" என்பதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் பெரிய பேட்டரி இருந்தும் பயனில்லை, பெரியதைக் காரோடு இணைக்கும் ரிலே என்ற மின்சுவிட்சை இயக்கும் சாவியே இந்தச் சின்னதுதான். தரைக்கும் காருக்கும் இடைவெளி 117 மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொண்டு, காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். கதவை மேலே தூக்கினால் படியோரத்தில் கார்பன் இழைப் பின்னல் தெரியும். ஆட்கள் உட்காரும் கூடு முழுவதும் அதுதான். தகரம் நசுங்கினால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். கார்பனைத் தட்டி நிமிர்த்த முடியாது. அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளடுக்குகள் பிரிந்திருக்கவும் கூடும். விபத்து வரலாறு தெரியாத காரை, எவ்வளவு மலிவாக வந்தாலும், நான் தொட மாட்டேன்.

பெட்ரோல் பங்க்கில் ஒரு வேடிக்கை உண்டு. மூடியை உடனே திறக்க முடியாது. பொத்தானை அழுத்திவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். சாதாரணக் காரில் டாங்க்கில் எழும் ஆவியைக் கரிக்குடுவை பிடித்துவைக்கும், இன்ஜின் ஓடும்போது இழுத்து எரித்துவிடும். இங்கே இன்ஜின் நாள்கணக்கில் ஓடாமல் இருக்கலாம். அதனால் ஆவியை அழுத்தத்தோடு அடைத்துவைக்கும் டாங்க். அழுத்தம் இறங்கிய பிறகுதான் மூடி திறக்கும்.

மறுவாரம் பேட்டரியைக் கால்வாசிக்கு இறக்கிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து கிளம்பினோம். இந்த முறை முள் முதல் வளைவிலேயே சார்ஜ் பக்கம் சாய்ந்தது. இருபதாவது வளைவும் முடிந்து அடிவாரம் வந்தபோது முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. சேலம் வீட்டில், காலியிலிருந்து முழு சார்ஜ் வரை யூனிட் மீட்டர் காட்டியது 5.6. அண்ணன் அந்த எண்ணை ஆலைக் கணக்கு நோட்டில் எழுதினார். அப்புறம் அடுத்த வருஷத்து இதே தேதியைக் கீழே போட்டு, பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டார்.