மூணு சுழியா, ரெண்டு சுழியா?

"நேத்து பன்டிகைக்கு மாமா வீட்டுக்கு போனேன். அங்க கன்ணுகுட்டி நின்னுச்சு."

மூன்றாம் வகுப்புக் குழந்தை இப்படி எழுதினால் நோட்டு முழுக்கச் சிவப்பு மை ஓடும். கீழே 'பத்து முறை எழுதி வா' என்று இருக்கும். ஆனால் இவை ஒரே வகைப் பிழைகள் அல்ல. நேத்து, அங்க, நின்னுச்சு மூன்றும் பேச்சுவழக்கு. காதில் விழுந்ததைக் குழந்தை சரியாகவே எழுதியிருக்கிறது. 'பன்டிகை' அப்படியில்லை. தமிழில் எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற ஒழுங்கு கைவராததால் வந்தது அது. 'கன்ணுகுட்டி'யில் இரண்டும் கலந்திருக்கின்றன, க்-கும் விடுபட்டிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பத்து முறை எழுதுவது இவற்றில் எதற்கும் மருந்தல்ல; ஏழாவது முறையில் கைதான் எழுதும், காது மூடியிருக்கும்.

முதலில் அந்த ஒழுங்கைப் பார்ப்போம். "டீச்சர், மூணு சுழியா, ரெண்டு சுழியா?" என்பது தொடக்க வகுப்புகளில் ஓயாமல் கேட்கும் கேள்வி. இதற்கு "மூணு சுழி" என்று விடை சொல்லிவிட்டால் அந்த ஒரு சொல் மட்டும் சரியாகும். சுழிகளின் எண்ணிக்கை எழுத்தின் வடிவத்தைத்தான் சொல்கிறது, அது எங்கே வரும் என்று சொல்வதில்லை. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்கள் அதைச் சொல்லிவிடுகின்றன: ட-வுக்குத் துணை ண், த-வுக்கு ந், ற-வுக்கு ன். இவற்றோடு ங்க, ஞ்ச, ம்ப சேர்ந்தால் ஆறு இணைகள். ஒரே சொல்லுக்குள் ட-வுக்கு முன் ன் வராது, ற-வுக்கு முன் ண் வராது என்பது பிடிபட்டால் வண்டி, நண்டு, பண்டிகை, கண்டான் எதற்கும் குழந்தை நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

இதை வாயிலிருந்தே தொடங்கலாம். "வண்டு" என்று சொல்லத் தொடங்கி 'வண்' வரும்போது நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கு எங்கே இருக்கிறது? மேலண்ணத்தில் வளைந்து ஒட்டியிருக்கும். அங்கிருந்து அசையாமலே ட பிறக்கும். "பந்து" என்பதை 'பந்' வரை சொல்லி நிறுத்தினால் நாக்கு மேல்பல்லின் பின்புறம் இருக்கும். த பிறப்பதும் அங்கேதான். இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பதால்தான் இணையாக வருகின்றன. ஐந்து நிமிடம் போதும். ஆனால் சுவரில் ஒட்டும் எந்த அட்டவணையை விடவும் இது நெடுநாள் நிற்கும்.

இந்த வழி ன்ற-வுக்கு மட்டும் உதவாது. பெரும்பாலான வட்டாரங்களில் பேச்சில் அந்த ஒலியே இல்லை. மூணு, கன்னு, பன்னி, நின்னான் என்றுதான் வீட்டில் புழங்குகிறது. அதனால் இதற்கு ஒரு பாலம் போட வேண்டும். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'பேசும்போது', வலப்பக்கம் 'எழுதும்போது' என்று தலைப்பிட்டு, மூணு–மூன்று, பன்னி–பன்றி, நின்னான்–நின்றான் என்று குழந்தைகளே நிரப்பட்டும். காத்து–காற்று, நேத்து–நேற்று அடுத்த வாரம். இடப்பக்கத்தைத் 'தப்பு' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது அம்மாவின் பேச்சு. அதைத் தப்பென்றால் குழந்தை எழுதுவதையே குறைத்துக்கொள்ளும்.

ஒற்று விடுபடுவதற்குக் கட்டம் போடுவதே நல்ல வழி. சொல்லை மெதுவாகச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் மடக்கி, அத்தனை கட்டம் வரைந்துவிட்டு அப்புறம் எழுத வேண்டும். படு என்றால் 2 கட்டம், பட்டு என்றால் 3. எடு–எட்டு, பாடு–பாட்டு என்று இணையாகவே கொடுங்கள். ஒற்றுக்கெனத் தனிக் கட்டம் காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்தும். கொம்பும் காலும் சேர்ந்த கொ, கோ போன்ற எழுத்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு: முதலில் ஒலிப்பது க், ஆனால் முதலில் எழுதுவது கொம்பு. ஒலித்தபடியே எழுதும் குழந்தை க-வைப் போட்டுவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் தவிக்கும். எழுத்தை முழுதாக வாய்விட்டுச் சொன்ன பிறகே பென்சில் தாளைத் தொட வேண்டும்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும்: முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி. மகிழ்ச்சி, வளர்ச்சி போன்றவற்றைப் பார்த்துக் குழந்தை தானே உருவாக்கிக்கொண்ட விதி இது. ய், ர், ழ் மூன்றுக்குப் பின் மட்டுமே இன்னோர் ஒற்று வரும். ட், ற் பின்னால் வராது. இரு வகைச் சொற்களையும் கலந்து பத்துச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னால் விதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ல, ள, ழ குழப்பத்துக்கு இறந்தகால வினை கைகொடுக்கும். கொல்–கொன்றான், கொள்–கொண்டான், வீழ்–வீழ்ந்தான். ன்ற வந்தால் ல், ண்ட வந்தால் ள், ந்த வந்தால் ழ். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை: சொல்–சொற்கள், முள்–முட்கள். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. அன்புக்கு ஏன் ன், நண்பனுக்கு ஏன் ண் என்பதற்கும் குழந்தைக்குச் சொல்லத்தக்க விதி இல்லை. இப்படிப்பட்ட சொற்களைப் பார்த்துப் பழக வேண்டியதுதான் என்று குழந்தையிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

இத்தனையும், ஆசிரியர் சொல்லச் சொல்லக் குழந்தை எழுதும் 'சொல்வதை எழுதுதல்' பயிற்சியோடு நின்றுவிட்டால் பயனில்லை. சொல்வதை எழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை, சொந்தமாக நாலு வரி எழுதும்போது 'பன்டிகை' என்றே எழுதும். ஏனென்றால் அப்போது மனம் என்ன சொல்வது என்பதில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. அதனால் வாரத்துக்கு ஓர் இணை போதும். திங்களன்று நாக்குப் பயிற்சியும் ஆறு சொற்களும், செவ்வாய் கட்டம், புதன் ஒரு வாக்கியம். வியாழன் குழந்தைகள் தாமாக நாலைந்து வரி எழுதட்டும், அன்று பிழை திருத்தம் வேண்டாம். வெள்ளியன்று அதே தாளைத் திருப்பிக் கொடுத்து, அந்த வாரத்து இணை வரும் இடங்களை மட்டும் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டு அவர்களே சரிபார்க்கட்டும். ஆசிரியர் திருத்துவதும் அதுவரை கற்பித்த இணைகளை மட்டுமே. 'வீட்டுக்குப் போனேன்' என்பதில் ப் விடுபட்டதையெல்லாம் இந்த வயதில் தாராளமாக விட்டுவிடலாம்.

2022 ஜூனில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே இணையை அரும்புக்குக் கட்டமாகவும், மொட்டுக்குச் சொல்லாகவும், மலருக்குச் சொந்த வாக்கியமாகவும் கொடுத்தால் ஒரே பாடவேளையில் முடியும்.

ஆறு இணைகளும் முடிந்ததும் இந்த வாக்கியத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: "வண்டியில் வந்த மூன்று குரங்குகள் மாம்பழம் தின்றன, இஞ்சியைத் தொடவில்லை." இயல்பான பேச்சு வேகத்தில் ஒரு முறை, சொல் சொல்லாக ஒரு முறை, மறுபடி முழுதாக ஒரு முறை. ண் வரும் இடத்தில் குரலை அழுத்தி விடையைக் காட்டிக்கொடுக்காதீர்கள். எந்த இணை இன்னும் தடுமாறுகிறது என்று இந்த ஒரு வரியே சொல்லிவிடும். அடுத்த திங்கள் அந்த இணையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.