எக்ஃப்ரசிஸ்: படத்தைப் பார்த்துப் பாடுவதற்கு என்ன பெயர்?

ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்த்து எழுதும் கவிதைக்குச் ‘சித்திரக்கவி’ என்று பெயர் வைத்துவிடலாமே என்றார் நண்பர் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் நம்மிடம் ஏற்கனவே வேறு ஆள் இருக்கிறார். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவிகளில் மூன்றாவது அது. பின்னிக்கிடக்கும் பாம்புகளை வரைந்து, அவற்றின் உடலெங்கும் எழுத்துகளை நிரப்பிப் பாடும் நாகபந்தமும், தேர் வடிவில் அமையும் இரதபந்தமும் அதில் சேர்த்தி. அங்கே பாட்டு படமாகிறது. நாம் பெயர் தேடுவதோ, படம் பாட்டாவதற்கு.

மேற்கே இதற்கு வழங்கும் சொல் எக்ஃப்ரசிஸ். கிரேக்கச் சொல். ‘எக்’ என்றால் வெளியே. ‘ஃப்ரசெயின்’ என்றால் சொல்லுதல், தெரியப்படுத்துதல். ஆங்கிலத்தில் சொற்றொடரைக் குறிக்கும் ‘ஃப்ரேஸ்’கூட இந்த வேரில் வந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் ‘வெளிப்படச் சொல்லுதல்’ என்று வரும். ஓவியம் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை.

பழைய வழக்கிலும் அப்படித்தான். உரோமப் பேரரசுக் காலத்தில் பேச்சுக்கலை படித்த மாணவர்களுக்கு இது ஒரு பயிற்சிப் பாடம். போர், புயல், துறைமுகம், திருவிழா, வசந்தம் என எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கேட்பவன் கண்முன் அது வந்து நிற்கும்படி பேச வேண்டும். கேட்பவனைப் பார்ப்பவனாக்கும் அந்தத் துலக்கத்தை ‘எனார்கெயா’ என்றார்கள். சிலைகளையும் ஓவியங்களையும் தனியாக எடுத்துச் சொன்னவர், அந்தப் பாடநூல் ஆசிரியர்களில் மிகப் பிந்தியவரான 5ஆம் நூற்றாண்டு நிக்கோலாஸ். ‘கலைப்படைப்பைப் பற்றிய கவிதை’ என்ற குறுகிய பொருள் நன்றாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819இல் கிரேக்கத் தாழி ஒன்றைப் பாடிய கவிதையைப் பற்றி 1955இல் இலக்கியத் திறனாய்வாளர் லியோ ஸ்பிட்சர் எழுதிய கட்டுரைக்கு அதில் பெரிய பங்குண்டு. வேடிக்கை என்னவென்றால், கீட்ஸ் பாடிய தாழி இதுதான் என்று எந்த அருங்காட்சியகமும் ஒன்றைக் காட்ட முடியாது. பல சாடிகளைப் பார்த்து மனத்துக்குள் அவரே வனைந்துகொண்டது அது.

இந்த வகைக்கு முதல் எடுத்துக்காட்டாக எல்லாரும் சொல்வது ஹோமரின் ‘இலியட்’, 18ஆம் காண்டம். வீரன் அக்கிலீசுக்காகக் கொல்லுத்தெய்வம் அடித்துக் கொடுக்கும் கேடயத்தை நூறு வரிக்கு மேல் பாடுகிறார். எனக்குப் பிடித்தது அதில் வரும் உழவுக் காட்சி. சால் முனைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் உழவன் கையில் ஒருவன் மதுக்கிண்ணத்தைத் தருகிறான். ஏர் போன தடத்தில் மண் கறுத்துக் கிடக்கிறது. உடனே ஹோமர் சொல்கிறார்: அது பொன்னால் ஆனதுதான், ஆனாலும் உழுத மண்போலவே இருந்தது. வயலுக்குள் நம்மை இறக்கிவிட்டு, நீ பார்ப்பது உலோகம் என்று தோளைத் தட்டிச் சொல்லும் இடம் அது. வெறும் வருணனைக்கும் எக்ஃப்ரசிசுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தட்டலில் இருக்கிறது.

சரி, நம்மிடம்? பெயர்தான் இல்லை, செயல் இருந்திருக்கிறது. பரிபாடல் 19இல் திருப்பரங்குன்றத்து மண்டபத்துக்குள் சனங்கள் ஓவியம் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். இவள் யார், இவன் யார் என்று கேட்கிறார்கள். இரதி, காமன் என்று பதில் வருகிறது. அடுத்த படத்தில், ‘இந்திரன் பூசை; இவள் அகலிகை; இவன் சென்ற கவுதமன்’ என்று ஒருவர் விரல் நீட்டிச் சொல்கிறார். பூசை என்றால் பூனை. அகலிகை வீட்டிலிருந்து இந்திரன் பூனையாய் நழுவும் படம். இப்படிச் சொல்பவர்களைப் புலவர் நப்பண்ணனார் ‘உரைசெய்வோர்’ என்கிறார். அந்த மண்டபத்துக்கு அவர் தரும் பெயர் ‘எழுத்துநிலை மண்டபம்’. பழந்தமிழில் ஓவியமும் எழுத்துதான். கண்ணுக்கு மை தீட்டுவதைக்கூட வள்ளுவர் ‘எழுதுங்கால்’ என்றே சொல்கிறார். கிரேக்கத்தின் ‘கிராஃபெயின்’ என்ற வினைக்கும் எழுதுதல், வரைதல் இரண்டும் பொருள்.

நெடுநல்வாடையில் இன்னும் அழுத்தமான ஒன்று உண்டு. மன்னன் போர்ப் பாசறையில் இருக்கிறான், அரசி அரண்மனையில் தனியே. அவள் கட்டிலின் மேல் விதானத்தில் மெழுகு பூசிய துணியில் வானம் வரைந்திருக்கிறது. ஆடு முதலான இராசிகள், நிலா, அதைவிட்டு விலகாத உரோகிணி. அரசி அண்ணாந்து பார்க்கிறாள். ‘உரோகிணி நினைவனள் நோக்கி நெடிது உயிரா’. அவ்வளவுதான். படத்தை நக்கீரர் நாலு வரியில் முடித்துவிடுகிறார். ஆனால் அந்தப் பெருமூச்சில் படம் முழுவதும் இருக்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். ‘ஓவியக் கவிதை’ என்றால் படம் போட்டு அச்சிட்ட கவிதை என்றும் எடுத்துக்கொள்வார்கள். சிற்பத்துக்கும் அதில் இடமில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் தன்மை அணி, ‘எவ்வகைப் பொருளும் மெய்வகை விளக்கும்’ என்பதால், கிரேக்கர்களின் பழைய பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அது அணியின் பெயர். எனக்குப் படுவது ‘கண்டுரை’. கண்டு உரைப்பது. பரிபாடலின் ‘உரைசெய்வோர்’ அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாகச் சொல்ல ‘கண்டுரை’, குறிப்பாகச் சொல்ல ‘ஓவியக் கண்டுரை’, ‘சிற்பக் கண்டுரை’, கவிதையாக இருந்தால் ‘கண்டுரைக் கவிதை’ என்று விரிந்தும் கொடுக்கிறது. ‘எக்’ என்பதன் ‘வெளியே’ இதில் விட்டுப்போவது உண்மைதான். அதைச் சேர்க்கப் பார்த்தால் ‘வெளிப்படவுரை’ என்று அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது.

‘உரை’யைவிடக் ‘கண்டு’ என்பதுதான் கடினமான பாதி. அதற்கு நேரம் வேண்டும், அதுவும் தனியாக. 1907இல் பாரீசில் பிரெஞ்சு ஓவியர் செசானின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே அந்தக் கூடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றார். பார்த்ததை மனைவிக்குக் கடிதங்களாக எழுதினார். எனக்கு அவ்வளவு வாய்க்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு, போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கிளம்புகிறேன். யாராவது “எங்கேம்மா போறே?” என்றால் “சும்மா” என்பேன். அந்தப் பதில் வர எனக்குப் பல வருடம் ஆனது.

அங்கே ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களில் ஒரு வட்டப் பலகை. நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கும் கதை. ஓவியமும் சிற்பமும் ஒரு கணத்தைத்தான் காட்ட முடியும், காலம் கவிதைக்குரியது என்று 1766இல் ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் வாதிட்டார். அமராவதிச் சிற்பி ஒரே வட்டத்துக்குள் ஒரே யானையை இரண்டு முறை செதுக்கியிருக்கிறார். இடப்பக்கம் வெறியோடு வருகிறது. தும்பிக்கையில் ஒருவன் சிக்கியிருக்கிறான். வலப்பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டிருக்கிறது. மேலே மாடிச் சாளரங்களில் ஊரே எட்டிப் பார்க்கிறது. அரைமணி நேரம் நின்றதில் நோட்டில் ஏறியது நாலே வரி:

யானை மண்டியிட்டாயிற்று.
ஊர் மூச்சு விட்டாயிற்று.
தும்பிக்கையில் மாட்டியவன் மட்டும்
இன்னும் இறங்கவில்லை.