பாடாத ஸ்பீக்கரை மாற்றும் முன் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் கார் ஆடியோ வேலை பார்க்கிறேன். போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். டிரைவர் பக்கக் கதவில் ஸ்பீக்கர் பாடவில்லை. வேறொரு கடையில் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. "இந்தத் தடவை நல்லதா பார்த்துப் போடுங்கண்ணே" என்றார். பாட்டை ஓடவிட்டு, கதவைத் திறந்து மூடச் சொன்னேன். பாதி திறந்தபோது பாட்டு வந்தது, சாத்தியதும் நின்றது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஸ்பீக்கர் ஒயர் அதற்குள்தான் போகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்ந்து, ஒருநாள் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேல்தோல் அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முழம் ஒயர் மாற்றிப் பற்றவைத்தேன், பாடியது.

முதலில் செட்டில், அதாவது டேஷ்போர்டு ஸ்டீரியோவில், பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் நகர்த்தி, ஒவ்வொரு மூலையாகக் கேளுங்கள். எது ஊமை என்று தெரிந்ததும் அதைக் கழற்றி எதிர்க் கதவில் மாட்டுங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. கோளாறு ஒயரில் அல்லது செட்டில்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை காட்டும். நாலு வரவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதுதான் சரி. எண்ணே காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அதைத் திரும்ப மாட்டினால் செட்டும் சேர்ந்து போகலாம். காசிமேட்டுக்காரரின் டிக்கியில் பழைய ஸ்பீக்கர் இரண்டும் கிடந்தன. வைத்துப் பார்த்தேன்: 3.6, 3.5. மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டு எடுக்கலாம். 'டப்' என்று சத்தம் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. கார் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து எரித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இன்னொன்று. ஒயர் மிச்சம் பிடிக்க, ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து செட்டுகள் சிலவற்றில் அது நடந்தது. இப்போதைய செட்டில் இரண்டு ஒயரிலுமே சிக்னல் போகிறது. எர்த்தில் பட்டால் செட் தானாக ஆஃப் ஆகும், இல்லையென்றால் உள்ளே ஐசி என்கிற சிப் எரியும். ஒயருக்கு ஆகும் காசைப் பார்க்காதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய வியாதி ஒன்று இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. ஒயரை இணைக்கும் கப்ளரைப் பிடுங்கினால், உள்ளே இருக்கும் உலோகப் பின்களெல்லாம் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்தாலே பல ஸ்பீக்கர்களின் கொரகொரப்பு போய்விடும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டவர்களுக்குப் ஸ்பீக்கரின் பேப்பர் கோன் ஊறிப் போயிருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

ஆனால் கதவுக்குள் தண்ணீர் வர வெள்ளமே தேவையில்லை. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவின் அடியிலுள்ள துளைகளில் வடிந்துவிடும். அவற்றில் மண் அடைத்தால் உள்ளேயே தேங்கும். டோர் பேடுக்குப் (கதவின் உள்பக்க மூடி) பின்னால், தண்ணீர் இந்தப் பக்கம் வராமலிருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடுகிற கடைகள் நிறைய. பேடை மாட்டும் முன், ஷீட்டைத் திரும்ப ஒட்டியாயிற்றா என்று எட்டிப் பாருங்கள்.